கேக் வேகும்வரை யாரும் நடக்கக்கூடாது

1

"மச்சான், வண்டியில சமையல்னு சொல்றியே, எந்த பஸ் ஸ்டாண்டு ஓரமாப் போட்டிருக்க?"

போன வாரம் ஊரிலிருந்து என் மாமன் மகன் போனில் இப்படிக் கேட்டான். ஷார்ஜாவில் நான் தள்ளுவண்டி வைத்து இட்லி விற்கிறேன் என்று அவன் வெகு நாளாக நம்பிக்கொண்டிருக்கிறான். "தள்ளுவண்டி இல்லடா. ஓட்டிக்கிட்டுப் போற வண்டி. வண்டிக்குள்ள வீடு, வீட்டுக்குள்ள அடுப்படி" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சாப்பிட வர்றவங்கள எங்க உக்கார வைப்ப?" என்றான்.

அதற்கு மேல் விளக்க எனக்கு வரவில்லை. நான் பேசத் தெரியாதவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனாலும், பொட்டலம் மடித்த தாளைக்கூடப் படித்துவிட்டுப் போடும் பழக்கம் இருப்பதால் எழுத்து கொஞ்சம் வருகிறது. அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் எழுதியே சொல்லிவிடலாம் என்று போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஷார்ஜாவில், முவைலா என்ற இடத்தில் கீழக்கரைக்காரர் ஒருவர் மோட்டார் ஹோம் வண்டிகளை வாடகைக்கு விடுகிறார். நாங்கள் அவரை அவர்கள் ஊர் வழக்கப்படி காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். குளிர்காலம் வந்ததும் இங்குள்ளவர்கள் பாலைவனத்துக்கும் கடற்கரைக்கும் போய்த் தங்குவார்கள். ஓட்டுநரும் சமையல்காரரும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்கு நான் போவேன். இரண்டு வேலையும் நானே செய்வதால் காக்காவுக்கு என்மேல் பிரியம்.

அந்த அடுப்படியில் நடுவில் நின்று கையை நீட்டினால் இரண்டு பக்கமும் சுவரைத் தொடலாம். கழுவும் தொட்டிக்கு மூடி உண்டு. மூடினால் அதுதான் காய் நறுக்கும் மேடை. அடுப்பில் மூன்று வாய், அதற்குக் கீழே ஒரு சின்ன ஓவன். எல்லா அலமாரிக்கும் கொக்கி. ஒரு கொக்கியை மாட்ட மறந்தால் முதல் ரவுண்டானாவிலேயே மிளகாய்ப்பொடி டப்பா வந்து தலையில் இறங்கும்.

அந்த ஓவனோடு பழக எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் பிடித்தது. தீ பின்பக்கத்தில் மட்டும் எரியும். அதனால் பின்னால் கருகும், முன்னால் வேகாது. கட்டடம் கட்டும் இடத்தில் கேட்டு வாங்கிய வழவழப்பில்லாத தரை ஓடு ஒன்றை அடித்தட்டில் போட்ட பிறகு சூடு பரவலாக ஏறியது. வண்டி மணலில் சாய்ந்து நின்றால் கேக்கும் சாய்ந்துதான் உப்பும். ஆகவே வண்டியை நிறுத்தியதும் ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றி மேடையில் வைப்பேன். எந்தப் பக்கம் எண்ணெய் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கச் சக்கரத்தின் அடியில் பலகை கொடுப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருக்கிறது. கேக் ஓவனுக்குள் இருக்கும்போது வண்டிக்குள் யாரும் நடக்கக்கூடாது. வண்டி ஸ்பிரிங் மேல் நிற்கிறது. ஒருவர் எழுந்து இரண்டடி வைத்தாலே மொத்த வண்டியும் தொட்டில் போல ஆடும். பாதி வெந்த கேக் ஆடினால் நடுவில் அமுங்கிவிடும், பிறகு எழும்பாது. ஏறுவதும் கூடாது, இறங்குவதும் கூடாது. வாடகைக்கு வருகிறவர்களிடம் இதை மட்டும் நான் கூச்சப்படாமல் சொல்லிவிடுவேன். "கேக் அந்தர், ஆத்மி பாஹர்." கேக் உள்ளே, ஆள் வெளியே.

2

ஊரில் நான் வேலை பழகிய ரொட்டிக் கடை அறந்தாங்கியில் இருந்தது. அங்கே ஓவன் என்பது ஒரு அறை அளவு. விறகு போட்டு எரித்து, சாம்பலை வழித்துவிட்டு, நீளத் துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளுவோம். பக்கத்தில் மூட்டையைத் தொப்பென்று போட்டாலும் உள்ளே இருக்கும் பன்னுக்கு ஒன்றும் ஆகாது. அந்தக் கைப்பழக்கத்தை நம்பித்தான் இங்கே வந்தேன்.

வந்து பார்த்தால் என் விசாவில் தொழில் 'சுமை தூக்குபவர்' என்று இருந்தது. வேலை என்னவோ ரொட்டிக் கடையில் மாவு பிசைவதுதான். மனைவி மல்லிகாவையும் மகள் இளவரசியையும் அழைக்கப் போனபோது, சுமை தூக்குகிறவருக்குக் குடும்ப விசா இல்லை, தொழிலின் பெயரை மாற்றிக்கொண்டு வா என்றார்கள். டைப்பிங் சென்டரில் தாள் அடித்துக்கொண்டு போனால் கபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கோடைக்கு வெளிநாடு போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது தாளுக்குக் காலம் முடிந்திருந்தது. மறுபடி டைப்பிங், மறுபடி கவுண்டர். கவுண்டரில் இருந்தவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் மாவு இருந்தது. "கப்பாஸ்?" என்று கேட்டார். ரொட்டி சுடுகிறவனா என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். சிரித்துவிட்டு, அதற்கும் ஒரு தாள் வேண்டும் என்றார். எல்லாம் முடிவதற்குள் இளவரசி ஊரில் ஒன்றாம் வகுப்பை முடித்துவிட்டாள்.

வந்த புதிதில் தமிழைத் தவிர வேறு தெரியாத பிள்ளை. பிறகு பள்ளியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் இந்தி. மல்லிகா பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனாள். நான் விடிவதற்கு முன்பே மாவில் கை வைக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேச நேரம் இருந்தவர்கள் யாரும் இல்லை. ரொட்டிக் கடையை விட்டு நான் காக்காவிடம் வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். இப்போது இளவரசி சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் இருக்கிறாள். அங்கே அவள் பெயர் ஈலா. போனைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரிக்கும்போது, என்ன சிரிப்பு என்று நான் கேட்டால், "தமிழ்ல சொன்னா ஃபன்னியா இருக்காதுப்பா" என்பாள். கோபமில்லை. அது உண்மையாகத்தான் இருக்கும்.

3

போன வருடம் அவள் ஒருவனைப் பற்றிச் சொன்னாள். பெயர் ஹிதேஷ். அதே அலுவலகம். குஜராத்திக் குடும்பம். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் மஸ்கட்டில், ரூவியில். அங்கே அவர்களுக்குத் துணிக்கடை இருக்கிறது. முட்டைகூடச் சாப்பிடாத வீடு.

மல்லிகா சண்டை போடவில்லை. இவ்வளவுதான் சொன்னாள். "எனக்கு மனுசாளப் பாத்து எட போடத் தெரியாது. ஒங்க அப்பா அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்த பேசிட்டு வந்து சரின்னு சொல்லட்டும். அப்பறம் நானும் சரிங்கிறேன்."

பாரம் என் தலையில் வந்து விழுந்தது.

ஊரில் என்றால் இந்தச் சங்கடம் எனக்கு இல்லை. என் கல்யாணத்தில் நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் பெரிது. என் மாமாக்கள் பேசினார்கள், மல்லிகாவின் சித்தப்பாக்கள் பேசினார்கள். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாதவனுக்காகப் பேச நாலு பேர் எப்போதும் இருப்பார்கள். வெளிநாட்டுக்கு வரும்போது அந்த நாலு பேரை யாரும் கூட்டிக்கொண்டு வருவதில்லை.

மாலில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் தளத்தில் ஹிதேஷை முதலில் பார்த்தேன். கலகலப்பானவன். கடை, கிரிக்கெட், மஸ்கட் மலை என்று இந்தியில் பேசிக்கொண்டே இருந்தான். நான் எதைக் காட்டினாலும் "பஹுத் அச்சா அங்கிள்" என்றான். சாதம் நல்லது, ஜூஸ் நல்லது, உட்கார்ந்த நாற்காலியும் நல்லது. நான் கை கழுவப் போனவன் வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் மல்லிகா கேட்டாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"என்னத்தக் கேக்குறது?"

"கேக்குறதுக்கா இல்ல? அவங்க வீட்ல நாம கை நனைக்க முடியுமா, நம்ம வீட்ல அவங்க கை நனைப்பாங்களா, அதக் கேளுங்களேன்."

என் இந்தி வேலைத்தளத்தில் கற்றது. இங்கே வா, சீக்கிரம், அதைத் தூக்கு, போதும். அதில் உத்தரவும் பதிலும் மட்டும்தான் இருக்கின்றன. ஒருவனுடைய மனதைக் கேட்க அதில் சொல் இல்லை. மல்லிகாவிடம் சொல்லாத ஒன்றும் எனக்குள் இருந்தது. எதற்கும் 'நல்லது' என்கிறவன் எதை விழுங்கிக்கொண்டு அப்படிச் சொல்கிறான் என்று தெரியாது. விழுங்கினதை எல்லாம் ஒருநாள் யாரிடமாவது சொல்லிக் காட்டுவான். அந்த யாராவது என் மகளாக இருப்பாள்.

இரண்டாவது முறை ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். அங்கேயும் அதே கதைதான். அவன் இளவரசியிடம், உன் அப்பாவுக்கு என்மேல் கோபம் என்று சொல்லியிருக்கிறான்.

"டோன்ட் பீ லைக் திஸ்ப்பா" என்றாள் இளவரசி. கண் கலங்கியிருந்தது. "அம்மா ஒங்க வார்த்தைக்குத்தான் வெயிட் பண்றாங்க. அடுப்படியில நிக்கும்போது மட்டும் நல்லாப் பேசுறீங்கல்ல?"

சில நாள் கழித்துக் காக்கா கூப்பிட்டார். "செல்லையா, ஒம் மவ வந்து வண்டி புக் பண்ணிட்டுப் போயிருக்கு. பொறந்த நாளாம். சமையலுக்கு ஒன்னத்தான் கேட்டிருக்கு. பாதி வாடகைதான் வாங்குனேன், சொல்லிராத."

4

மலீஹா பாலைவனப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மணல் மேட்டின் நிழலில் வண்டியைப் போட்டேன். இளவரசி, அவளுடைய தோழி ஒருத்தி, ஹிதேஷ். பெண்களுக்கு வண்டி, எங்கள் இருவருக்கும் கூடாரம். போகும் வழியில் பழக்க தோஷத்தில், "ஏசி போதுமா மேடம்?" என்று என் மகளிடமே கேட்டுவிட்டேன். அந்தத் தோழி சிரித்த சிரிப்பு மணல்மேடு வரைக்கும் நிற்கவில்லை. "மேடம், கொஞ்சம் தண்ணி கெடைக்குமா மேடம்?" என்று இளவரசி என்னையே கேட்டாள்.

பிறந்த நாள் கேக்கை முட்டையில்லாமல் செய்வதாக எனக்குள் முடிவு செய்திருந்தேன். ஹிதேஷுக்காகப் புதிதாக ஒரு அச்சும் கரண்டியும் வாங்கினேன். கறி படாதது. தயிர் ஊற்றிச் செய்யும் முறை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஓவனில் அது சில சமயம் களியாகிவிடும். என் மகளுடைய பிறந்த நாளில் சோதனை வேண்டாம் என்று சூப்பர் மார்க்கெட்டில் கேக் மாவுப் பை ஒன்றை எடுத்தேன்.

ஆங்கிலத்தில் சின்ன எழுத்து எனக்கு ஓடாது. ஊரிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் புள்ளியைப் பார்ப்பேன். பச்சை என்றால் சைவம், சிவப்பு என்றால் அசைவம். அந்தப் பை இந்த நாட்டு மில்லில் செய்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தும் சிவப்புப் புள்ளி இல்லை. செய்முறைப் படத்தில் தண்ணீர் டம்ளரும் எண்ணெய்க் கரண்டியும் மட்டும் இருந்தன, முட்டை இல்லை. அப்படியானால் சைவம்தான் என்று எடுத்துக்கொண்டேன். கடையில் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கிறவனாக இருந்தால் நான் வேறு ஆள்.

மாலை வெயில் இறங்கியதும் எண்ணெய்த் தட்டை வைத்துப் பார்த்துப் பலகை கொடுத்தேன். பேரீச்சம்பழத்தை ஊறவைத்து மசித்து மாவில் கலந்தேன். பெண்கள் இருவரையும் இறக்கிவிட்டு, கேக்கை உள்ளே வைத்து ஓவன் கதவைச் சாத்தித் திரும்பினேன். பின்பக்கக் கட்டில் மறைப்பை விலக்கிக்கொண்டு ஹிதேஷ் நின்றான், கையில் சார்ஜர். நான் மாவு கலக்கும்போதே ஏறியிருக்கிறான்.

"ஹிலோ மத்!" என்றேன். அசையாதே.

அவன் பயந்து அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

5

நான் அடுப்பின் முன்னால் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தேன். எங்கள் முழங்கால்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் இருந்தது. வெளியே இளவரசியும் தோழியும் ஏதோ பேசிச் சிரிக்கும் சத்தம் தூரத்தில் கேட்டது. சார்ஜர் எங்கே இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லி உள்ளே அனுப்பியது யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. கேக் விதி தெரிந்த பிள்ளை அவள்.

அவ்வளவு பேசுகிறவன் வாயைத் திறக்கவில்லை. பேசினாலும் கேக் அமுங்கும் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. காலைத் தரையிலிருந்து மெதுவாகத் தூக்கிப் பெஞ்சின் மேல் மடித்துக்கொண்டான். அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. "பாத் கரோ. கேக் குச் நஹி" என்றேன். பேசலாம், கேக்குக்கு ஒன்றும் ஆகாது.

அவன் குரலைத் தாழ்த்தி, என்மேல் கோபமா என்று கேட்டான்.

கூச்சத்துக்கு இந்தியில் என்ன சொல் என்று தேடினேன். கிடைக்கவில்லை. "குஸ்ஸா மாஃபி" என்றேன். கோபம் இல்லை. பிறகு என் வாயைத் தொட்டுக் காட்டி, "பாத் மாஃபி" என்றேன். பேச்சும் இல்லை.

சத்தம் வராமல் சிரித்தான். வண்டி லேசாக ஆடியது. உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

கொஞ்ச நேரம் இருவரும் ஓவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேக் ஓரங்களில் எழும்ப ஆரம்பித்தது. அவன் கைக்கு எட்டும் இடத்தில் காலி மாவுப் பை கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தான். சைவக்காரர்களுக்கு அது ஒரு பழக்கம். எந்தப் பாக்கெட்டைக் கண்டாலும் கை தானாகத் திருப்பும். படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றான். பிறகு பையை மடித்து, எழுத்து தெரியாதபடி பெஞ்சில் கவிழ்த்து வைத்தான்.

"க்யா?" என்றேன். என்ன அது?

"குச் நஹி அங்கிள். பஹுத் அச்சா குஷ்பூ." ஒன்றுமில்லை, வாசனை பிரமாதம் என்கிறான்.

"அண்டா?" என்று கேட்டேன். முட்டையா?

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாத முகம். கடைசியில் ஆமாம் என்று தலையை அசைத்தான். பையில் இருந்தது முட்டைப் பொடி கலந்த மாவு. உடனே கையை ஆட்டி, பரவாயில்லை அங்கிள், நான் சாப்பிடுகிறேன், ஈலாவின் பிறந்த நாள், நீங்கள் செய்தது, ஒரு துண்டில் ஒன்றும் ஆகாது என்று வேகமாகச் சொன்னான்.

மாலில் கேட்ட அதே 'நல்லது'தான் இதுவும். இப்போது அது எப்படி உண்டாகிறது என்று கண்ணெதிரே பார்த்தேன். எனக்காக ஒன்றை விழுங்கத் தயாராகிக்கொண்டிருந்தான்.

"நஹி" என்றேன். "தும் மத் காவோ." நீ சாப்பிடாதே.

"அங்கிள், சச் மே, கோயி பாத்..." மறுபடியும் அதே பரவாயில்லைதான்.

"தும் மத் காவோ. ஈலா காயேகா. ஹம் காயேகா. தும் நஹி. கலாஸ்."

ஈலாவும் நாங்களும் சாப்பிடுவோம், நீ வேண்டாம், அத்தோடு முடிந்தது. உத்தரவுதான். என்னிடம் இருந்த இந்தி அவ்வளவுதான். ஆனால் நான் சொல்ல நினைத்ததற்கு அது போதுமானதாக இருந்தது. அவன் என்னையே பார்த்தான். தோள் தளர்ந்தது. மாலில் பார்த்த முகத்தில் இருந்த ஏதோ ஒரு இறுக்கம் போய்விட்டது.

"கலாஸ், அங்கிள்" என்றான். பிறகு கொஞ்சம் தயங்கி, அன்றைக்கு மாலில் குடித்த ஜூஸ் ரொம்பப் புளிப்பு என்றான்.

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வண்டி ஆடியது. கேக் நடுவில் லேசாக அமுங்கியது. இருவரும் பார்த்தோம்.

6

கேக்கை வெளியே எடுத்து வைத்ததும் கதவில் தட்டும் சத்தம். "அப்பா, இப்ப நடக்கலாமா?"

"நடக்கலாம். நீதான அவன உள்ள அனுப்புன?"

"நானா? அவன் சார்ஜர் கேட்டான்ப்பா. உள்ள இருக்குன்னேன். அவ்ளோதான்." கேக்கைப் பார்த்தாள். "ஐயோ, நடுவுல குழி! யாரு நடந்தது?"

"யாரும் நடக்கல. ஒங்க அப்பா சிரிச்சுட்டாரு" என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை. குழிக்குள் பேரீச்சம்பழப் பாகை ஊற்றி நிரப்பினேன்.

ஹிதேஷுக்கு என்ன கொடுப்பது? கோதுமை மாவு, நெய், வெல்லம் மூன்றும் அலமாரியில் இருந்தன. அவற்றைக் கண்டதும் அவன் ரூவிக்குப் போன் போட்டான். அவர்கள் வீட்டில் இந்த மூன்றையும் வைத்து சுக்டி என்று ஒரு பலகாரம் செய்வார்களாம், ஓவனே தேவையில்லை. அம்மாவிடம் குஜராத்தியில் ஏதோ சொல்லிவிட்டுப் போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து நிறுத்தினான். கண்ணாடி போட்ட ஒரு அம்மா திரையில் வந்தார். நான் கும்பிட்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் நெய்யை ஊற்றி மாவை வறுக்க ஆரம்பித்தேன்.

அந்த அம்மா குசலம் எதுவும் விசாரிக்கவில்லை. "அரே, தீமி ஆஞ்ச்!" என்று ஒரு அதட்டு போட்டார். தீயைக் குறை. குறைத்தேன். "ஹிலாதே ரஹோ!" கிளறிக்கொண்டே இரு. கிளறினேன். உத்தரவுகள் எனக்குப் புரியும். மாவு சிவந்து வாசனை எழும்பியபோது நான் கையைத் தூக்கினேன், அதே நேரத்தில் திரையில் அவரும் "பஸ்!" என்றார். போதும். வெல்லத்தைப் போட்டுப் புரட்டித் தட்டில் கொட்டினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு மகனிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று இளவரசியிடம் கேட்டேன். அவள் ஹிதேஷிடம் கேட்டுச் சொன்னாள்.

"நெய் கம்மியாம்ப்பா. மஸ்கட் வரும்போது ஆன்ட்டி சொல்லித் தர்றாங்களாம்."

இருட்டுவதற்கு முன் பாய் விரித்து உட்கார்ந்தோம். பெண்களும் நானும் கேக் சாப்பிட்டோம். ஹிதேஷ் சுக்டி சாப்பிட்டான், கேக் தட்டு அவன் பக்கம் வந்தபோது தயக்கமில்லாமல் அடுத்தவருக்கு நகர்த்தினான். சுக்டியை நாங்களும் சாப்பிட்டோம். நெய் கம்மிதான்.

மல்லிகாவின் போன் வந்தது. நான் எழுந்து மணல்மேட்டுப் பக்கம் நடந்தேன்.

"பேசுனீங்களா?"

"பேசுனேன்."

"நெசமாவா! என்ன பேசுனீங்க?"

"கேக்கத் தின்னாதடான்னு சொன்னேன்."

"பொண்ணக் கட்டிக்கப் போறவன்கிட்ட மொத மொதல்லப் பேசுற பேச்சா அது?" என்றாள். நான் மாவுப் பை விஷயத்தைச் சொன்னேன். முட்டைப் பொடி, சாப்பிடுகிறேன் என்று அவன் சொன்னது, நான் கூடாது என்றது, எல்லாம். இவ்வளவு நீளமாக நான் போனில் பேசி அவள் கேட்டதில்லை. நடுவில் ஒரு வார்த்தையும் குறுக்கே போடவில்லை.

"தின்னாதன்னதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"சரின்னான். திங்கல."

"அப்ப சரி" என்றாள் மல்லிகா.